மடிக்கணினியில் மென்பொருளுக்கு எவ்வளவு? ரிச்சி தெருவில் பில்லைப் பிரித்துப் பார்த்து வாங்கும் முறை

"விண்டோஸ் ஃப்ரீ, ஆஃபிஸ் ஃப்ரீ, ஆன்டிவைரஸ் ஃப்ரீ, பையும் ஃப்ரீ சார்." அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு மடிக்கணினி வாங்க, சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன நான்கும் இவை. நான்கில் உண்மையிலேயே இலவசமாக வந்தது பை மட்டும்தான். அதன் ஜிப்பும் மூன்றாவது மாதம் பிய்ந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் நாங்கள் பணம் கொடுத்திருந்தோம். எவ்வளவு என்பதுதான் பில்லில் இல்லை.

கணினியோடு சேர்ந்து வரும் மென்பொருளெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றைக் கணினியோடு சேர்த்து வாங்குவதுதான் லாபம், சிலவற்றைத் தனியாக வாங்குவது லாபம், சிலவற்றை வாங்கவே வேண்டியதில்லை. எது எந்த வகை என்று தெரிய, மொத்த விலையைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதற்கான வழி இது. சொந்த அனுபவத்தில் பாதியும், நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்து அவர்களிடம் திட்டு வாங்கியதில் பாதியுமாகத் தேறியது.

படி 1: கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

கணினியில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "படிப்புக்கு", "ஆபீசுக்கு" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. எந்தெந்த மென்பொருள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கடைக் கணக்குக்கு டாலி வேண்டும் என்றால் விண்டோஸ் வேண்டும். பொறியியல் மாணவருக்கு ஆட்டோகேட் என்றாலும் அப்படியே. திருவல்லிக்கேணியில் அச்சகத் தட்டச்சு வேலை செய்பவர் பேஜ்மேக்கரையும் வானவில் எழுத்துருவையும் விட மாட்டார், எனவே அவருக்கும் விண்டோஸ்தான். கட்டுரை தட்டச்சிடுவது, இணையத்தில் படிப்பது, வீடியோ வகுப்பு பார்ப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, இவ்வளவுதான் வேலை என்றால் எந்த இயங்குதளமும் போதும். தமிழ் தட்டச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோசிலும், இலவச இயங்குதளமான லினக்சிலும் இருக்கிறது.

அதே தாளில் இன்னொரு பத்தி: எதெது ஏற்கெனவே நமக்குக் கிடைக்கிறது? பல கல்லூரிகள் மாணவர்களுக்குக் கல்லூரி மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365 கணக்கும் தருகின்றன. ஆட்டோகேட் நிறுவனமான ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டு இலவச உரிமம் தந்து, படிக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளவும் விடுகிறது. அக்கா மகளின் கல்லூரி ஆஃபிஸ் தருகிறது என்பதை அவள் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

படி 2: விலையைப் பிரித்துக் கேட்பது

அரசினர் தோட்டம் மெட்ரோவிலோ சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலோ இறங்கினால் நடந்து போகும் தூரம்தான். ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரு தெருவை அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். முதல் கடையில் வாங்காதீர்கள். மூன்று கடையில் விலைப்பட்டியல் எழுதி வாங்குங்கள்.

"சார், எல்லாம் சேர்ந்த விலைதான், பிரிக்க முடியாது" என்பார்கள். வாதாட வேண்டாம். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இதே மாடலில் டாஸ் வகை இருக்கிறதா? அது என்ன விலை?" டாஸ் வகை என்பது விண்டோஸ் இல்லாமல், பெயருக்கு ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளம் மட்டும் போட்டு விற்கும் கணினி. இரண்டு வகையும் இருந்தால் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் விண்டோசின் விலை. மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். அந்தக் கடைசி எழுத்துகளில் நினைவகமும் மாறும், திரையும் மாறும், ஆஃபிஸ் உண்டா இல்லையா என்பதும் மாறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, சந்தை விலை அல்ல. டாஸ் வகை 50,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 9,000, ஆக 59,000. விண்டோஸ் வகை 54,000, வரி 9,720, ஆக 63,720. வித்தியாசம் 4,720 ரூபாய். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, விண்டோஸ் ஹோம் உரிமத்தைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று மைக்ரோசாஃப்டின் தளத்தில் பாருங்கள். கணினியோடு வரும் உரிமத்துக்கு நாம் கொடுக்கும் தொகை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும், காரணம் தயாரிப்பாளர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள். எனவே விண்டோஸ் எப்படியும் வேண்டும் என்று படி 1-இல் தெரிந்துவிட்டால், டாஸ் வகையை வாங்கி "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பது வீண் சிக்கனம். அந்தப் "பிறகு" பெரும்பாலும் திருட்டு நகலில்தான் போய் முடிகிறது.

தெருவில் நீங்கள் கேட்கப்போகும் இன்னொரு வாக்கியம்: "பில் வேண்டாமென்றால் வரி குறையும் சார்." எஸ்டிமேட் என்று எழுதிய வெள்ளைத் தாளில் வாங்குவது வன்பொருளுக்கே ஆபத்து. மென்பொருளுக்கு அது அறவே உதவாது. உரிமம் உங்களுடையது என்று காட்ட வேறு சான்றே இருக்காது.

படி 3: மூன்று வகை உரிமம், ஒரு வகைத் திருட்டு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணம் போவது இந்த இடத்தில்தான்.

முதல் வகை, தயாரிப்பாளர் போட்டுத் தரும் உரிமம், அதாவது ஓஇஎம். இது கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு கட்டப்பட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து உரிம எண்ணை அடிப்பக்கம் ஸ்டிக்கரில் அச்சிடுவதில்லை. போர்டில் உள்ள சிப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். கணினி கெட்டுப்போனால் உரிமமும் அதோடு போகும், அடுத்த கணினிக்கு மாற்ற முடியாது. மதர்போர்டை மாற்ற நேர்ந்தால் தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ சேவை மையத்தில் மாற்றுங்கள். அவர்கள் புதிய போர்டில் எண்ணை எழுதித் தருவார்கள். வெளியே மாற்றினால் உரிமம் பழைய போர்டோடு குப்பைக்குப் போய்விடும்.

இரண்டாவது, சில்லறை உரிமம். தனியாக, முழு விலை கொடுத்து வாங்குவது. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றலாம். மூன்றாவது, நிறுவனங்களுக்கான தொகுதி உரிமம். அது தனிநபருக்கு விற்பதற்கானதே அல்ல.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் உரிம எண்களில் பல இந்த மூன்றாவது வகையிலிருந்து கசிந்தவை. கடைப் பையன்கள் பென்டிரைவில் வைத்திருக்கும் 'ஆக்டிவேட்டர்' அதைவிட மோசம். நிறுவனச் சர்வர் ஒன்று இருப்பதுபோல் விண்டோசை நம்பவைக்கும் போலி நிரல் அது.

என் பழைய மடிக்கணினியில் இதை நேரில் பார்த்தேன். வட்டு பழுதாகி, ஒரு சேவைக் கடையில் எஸ்எஸ்டி மாற்றக் கொடுத்தேன். மாலையில் வாங்கித் திறந்தால் விண்டோஸ் ப்ரோ. நான் வாங்கியது ஹோம். "ப்ரோவே போட்டுத் தந்துவிட்டேன் சார், தனியாகக் காசு வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பணம் கொடுத்து வாங்கிய அசல் உரிமம் மதர்போர்டில் சும்மா தூங்க, அதன் மேல் திருட்டு நகல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கிப் பென்டிரைவில் போட்டு மறுபடி நிறுவினேன். எந்த எண்ணையும் அது கேட்கவில்லை. சிப்பிலிருந்து தானே படித்துக்கொண்டு ஹோமாக ஏறி, இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. அரை மணி நேர வேலை. சென்னையில் இப்படித் தூங்கும் உரிமங்கள் எத்தனையோ இருக்கும் என்பது என் ஊகம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயத்துக்காக இல்லாவிட்டால் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வீட்டில் யாரும் சோதனைக்கு வரப்போவதில்லைதான். அலுவலகம் வைத்திருப்பவர் அப்படி இருந்துவிட முடியாது.

படி 4: கடையிலேயே சோதிப்பது

பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முதல் தொடக்கத்தை நீங்களே செய்யுங்கள். "செட்டப் செய்து தருகிறோம்" என்று கடைப் பையன் வாங்கிக்கொண்டு போனால் மரியாதையாகத் திருப்பி வாங்குங்கள். கணினியோடு வரும் ஆஃபிஸ், அதை முதலில் ஆக்டிவேட் செய்யும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்துவிட்டால் அந்த ஆஃபிஸ் அவன் பெயரில்தான் இருக்கும். என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. அந்தப் பையன் வேலையை விட்டுப் போன பிறகு, அவனைத் தேடிக் கடைக்கு நான்கு முறை நடந்தார்.

பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சிறிய பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு, உடனே எக்ஸ், பி, ஆர் என்று தட்டி என்டர் கொடுங்கள். சில நொடியில் ஒரு சாளரம் திறக்கும். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் நல்லது. ஒரு தேதியைச் சொல்லி அன்று காலாவதியாகும் என்று வந்தால் அது தொகுதி உரிமம். 180 நாளுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய வகை. புதுக் கணினியில் அது இருக்க வேண்டிய காரணமே இல்லை.

கடைசி மூன்று எழுத்துக்குப் பதில் டி, எல், ஐ என்று தட்டினால் உரிமத்தின் வகை தெரியும். ஓஇஎம் என்றோ ரீடெயில் என்றோ இருக்கலாம். வால்யூம் என்ற சொல் இருந்தால் கணினியை மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். இந்தச் சோதனையை ஏமாற்றும் வழிகளும் உண்டு என்பதால் பில்லும் ஒத்துப்போக வேண்டும்.

சில மலிவு மாடல்களில் 'எஸ் மோட்' இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வருவதைத் தவிர வேறு எதையும் நிறுவ விடாது. ஸ்டோர் வழியாகவே அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம், ஆனால் மறுபடி உள்ளே போக முடியாது. இதை மாற்றித் தரக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 5: ஆஃபிசும் ஆன்டிவைரசும்

'ஆஃபிஸ் இருக்கிறது' என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, அந்தக் கணினி உள்ளவரை இருக்கும் ஒருமுறை உரிமம், ஆஃபிஸ் ஹோம் 2024 போல. மற்றொன்று மைக்ரோசாஃப்ட் 365 சந்தா. ஓராண்டோ ஒரு மாதமோ ஓடி நின்றுவிடும். நின்ற பிறகு கோப்பைத் திறந்து படிக்கலாம், திருத்த முடியாது. பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை உரிமமாக இருந்தால் அன்றே ஆக்டிவேட் செய்யுங்கள், ஏனெனில் இந்தச் சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு. சந்தா என்றால் அதற்கு மதிப்பு ஓராண்டுக்குத்தான், விலையை ஒப்பிடும்போது அப்படியே கணக்கில் எடுங்கள். பழைய இருப்பில் வரும் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021' வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்பதைக் கடை நடத்துபவர்கள் கவனிக்கவும்.

கல்லூரிக் கணக்கும் இல்லை, பெரிய எக்செல் வேலையும் இல்லை என்றால் லிப்ரே ஆஃபிஸ் போதும். 2010-இல் ஓப்பன் ஆஃபிசிலிருந்து பிரிந்து வளர்ந்தது, முழுக்க இலவசம். நான் பத்தாண்டாக அதில்தான் எழுதுகிறேன். மற்றவர் அனுப்பும் வேர்டு கோப்பில் வரி கொஞ்சம் நகரும், அட்டவணை சில நேரம் அடம்பிடிக்கும். அதற்காகச் சந்தா கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆன்டிவைரசுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். விண்டோசிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. கூட வரும் சோதனைப் பதிப்பை முதல் நாளே நீக்குங்கள். இல்லையென்றால் கெடு முடிந்ததும் திரையின் மூலையில் தினமும் வந்து பயமுறுத்தும். எந்தச் சோதனைச் சந்தாவுக்கும் அட்டை எண் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். 15,000 ரூபாய்வரை ஓடிபி கேட்காமலே போய்விடும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் இன்னொரு வாசல். இலவச இடம் 5 ஜிபி. டெஸ்க்டாப்பில் உள்ளதையெல்லாம் அது மேகத்துக்கு ஏற்றத் தொடங்கி, நிறைந்ததும் பணம் கேட்கும். செட்டிங்சில் அந்த ஏற்றத்தை நிறுத்திவிடலாம்.

படி 6: அசெம்பிள் செய்தால் கணக்கு தலைகீழ்

பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தும் கணினியில் எந்த மென்பொருளும் சேர்ந்து வராது. இங்கே நான் சில்லறை உரிமம்தான் வாங்கச் சொல்வேன். மூன்று நான்கு ஆண்டில் போர்டை மாற்றுவீர்கள், அப்போது உரிமமும் கூடவே வரும். ஓஇஎம் எண் ஒன்றைக் கடைக்காரர் மலிவாகத் தந்தால் அது அந்த போர்டோடு முடிந்துவிடும்.

நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளும் தெருவில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் சிப்பில் அசல் ப்ரோ உரிமமே இருக்கும். ஆனால் இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பழைய ப்ராசசர்களை ஏற்பதில்லை.

படி 7: விண்டோசே வேண்டாம் என்பவருக்கு

டாஸ் வகை கிடைத்தால் வாங்கி உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போடுங்கள். கிடைக்காமல் விண்டோஸ் வகையையே வாங்க நேர்ந்தால், அழிக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, 32 ஜிபி பென்டிரைவில் மீட்பு வட்டு உருவாக்குங்கள். இரண்டு, வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். விண்டோசை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

லினக்ஸ் இந்த ஊருக்குப் புதிதல்ல. பாஸ் என்ற இந்திய லினக்ஸ் உருவானதே சென்னையில், அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில்தான். தமிழில் கற்க வேண்டுமானால் கணியம் தளத்தில் கட்டுரைகள் கொட்டிக்கிடக்கின்றன.

படி 8: பணத்தைத் திரும்பக் கேட்பது

விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தைப் படித்தால், ஏற்கவில்லையென்றால் பயன்படுத்தாமல் தயாரிப்பாளரையோ கடையையோ அணுகிப் பணம் திரும்பப் பெறும் விதியைக் கேளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கடைக்காரரிடம் அதைக் காட்டினால், நாம் வேறு கிரகத்திலிருந்து வந்ததுபோல் பார்ப்பார். தயாரிப்பாளருக்கு எழுதினால், முழுக் கணினியையும் திருப்பித் தருவதானால் தரலாம் என்று பதில் வர வாய்ப்பு அதிகம்.

இந்தச் சண்டை பழையது. ஒரு காலத்தில் ஐபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு விட்டபோது மென்பொருளும் அதிலேயே அடக்கம். அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின் மீது 1969 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் மென்பொருளுக்குத் தனி விலை போடப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. தனி மென்பொருள் நிறுவனங்கள் தழைக்க அந்த அறிவிப்பு பெரிய காரணம். கால் நூற்றாண்டு கழித்து நிலைமை திரும்பிவிட்டது. விண்டோஸ் போட்டாலும் போடாவிட்டாலும் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் தயாரிப்பாளர் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்டும் ஒப்பந்த முறை இருந்தது. அமெரிக்க நீதித்துறை 1994 உடன்பாட்டில் அதை நிறுத்தவைத்தது. இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014-இல் வாங்குபவருக்கு விண்டோஸ் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2016-இல், மென்பொருளோடு சேர்த்து விற்பதே முறைகேடு ஆகிவிடாது, அதன் விலையைப் பிரித்துக் காட்டாததும் ஏமாற்று ஆகாது என்றது. அதற்குப் பிறகு பிரித்துக் கேட்கும் பொறுப்பு நம் தலையில்தான்.

நம் நாட்டில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை வாங்க வேறொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்கிறது. விண்டோஸ் வேண்டாம் என்பதற்காக இதைக் கொண்டு போராட ஆளும் பொறுமையும் வேண்டும். ஆனால் கடைக்காரர் "ஆன்டிவைரஸ் வாங்கினால்தான் இந்த விலை" என்று பில்லில் ஏற்றியிருந்தாலோ, அசல் என்று சொல்லித் திருட்டு விண்டோஸ் போட்டுத் தந்திருந்தாலோ விடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

படி 9: பில்

கணினியின் வரிசை எண், விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஆஃபிஸ் எந்த வகை, எல்லாம் பில்லில் வரவேண்டும். தொழிலுக்கு வாங்குபவர் தம் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொன்னால் மென்பொருளுக்கான 18 சதவீதத்தையும் சேர்த்து உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். வருமான வரியில் கணினிக்கும் அதன் மென்பொருளுக்கும் தேய்மானம் 40 சதவீதம்.

பல கடைகளில் பில் வெப்பத்தாளில்தான் வருகிறது. சென்னை வெயிலில் சட்டைப் பையில் வைத்திருந்தாலே வெளுத்துவிடும். கடை வாசலிலேயே படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு மெட்ரோவுக்கு நடங்கள்.